உபதேசியாரின் தலைக்குள் ஓர் அடைப்பு

2024ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை மாலை, நமது பங்குக் கோவிலில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. 31 ஆண்டுகளாக இப்பங்கில் உழைத்துவரும் உபதேசியார், வழக்கம்போல் முன்னின்று செபங்களைச் சொல்லிவந்தார். ஒன்பதாம் தலத்தை அடைந்தபோது அவரது நாவு குழறியது. மனப்பாடமாய்த் தெரிந்த சொற்கள் வாய்க்குள்ளேயே உருண்டன. வலக்கையிலிருந்த செபப் புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது. பீடச் சிறுவன் ஒருவன் அதனை எடுத்துக் கொடுக்க, அவர் இடக்கையால் வாங்கிக்கொண்டு எஞ்சிய தலங்களையும் ஒருவாறு முடித்துவைத்தார்.

அன்று அவர் ஒருசந்தி. பசிக் களைப்பு என்று அவர் எண்ணினார். கோவிலில் இருந்தோர் யாவரும் அவ்வாறே எண்ணினர். நாமும் அவ்வாறே எண்ணினோம். “வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டுப் படுங்கள், காலையில் சரியாகிவிடும்” என்று சொல்லியனுப்பியதும் நாமே. விடியற்காலை 5 மணிக்கு அவருடைய மூத்த மகள் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டினார். “சாமி, அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துடுச்சு.”

நாம் மருத்துவர் அல்லோம். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்று, பின்னர் பங்குகளில் நோயுற்றோர் அருகே அமர்ந்து அமர்ந்து சிறிது கற்றுக்கொண்டோம், அவ்வளவே. எனினும், பக்கவாதம் கண்ட ஒருவருக்குத் தலைக்குள் ஸ்டென்ட் வைப்பதா வேண்டாமா என்னும் வினா எழும்போது, நம் குடும்பங்கள் எவ்வளவு தவிக்கின்றன என்பதையும், அத்தவிப்பில் ஒரு பங்குக் குரு எவ்வளவு எளிதாகத் தவறிழைக்கக்கூடும் என்பதையும் அவ்வாண்டு அறிந்தோம். அதனை மறைக்காமல் இங்கே எழுதுகின்றோம்.

உபதேசியார் அன்று காலை நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். நோய் தொடங்கி 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தை வழக்கமாக முதல் நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும் என்பதை அங்கேதான் கேள்வியுற்றோம். வெள்ளி மாலை 7 மணிக்குக் கோவிலிலிருந்து நேரே புறப்பட்டிருந்தால் அந்த ஊசி அவருக்குக் கிடைத்திருக்கக்கூடும். கஞ்சி குடிக்கச் சொன்ன நமது வார்த்தை, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நம்மை வந்து குத்தியது.

ஐந்தாம் நாள் ஆஞ்சியோகிராம் எடுத்தனர். மூளையின் இடப்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனி ஒன்று, மண்டைக்குள்ளே, 80 விழுக்காடு குறுகியிருப்பதாகப் படம் காட்டியது. “இவ்விடத்தில் ஸ்டென்ட் வைக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள்” என்றார் அங்கிருந்த மருத்துவர். ஏறத்தாழ 5 இலட்சம் ரூபாய் ஆகும் என்றார்கள். அவர் சொன்னது ‘வைக்கலாம்’. குடும்பத்தார் காதில் விழுந்தது ‘வைத்தே ஆகவேண்டும்’. நமது காதிலும் அப்படியே விழுந்தது.

குவைத்தில் வேலைபார்க்கும் மகன் தொலைபேசியில் அழுதான். “எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, செஞ்சிடுங்க. அப்பா கையைக் காலைத் தூக்கி நடக்கணும்” என்றான். ஊரில் அவர்களுக்கு இருப்பது ஒரு துண்டு நிலமும் ஒரு பனந்தோப்பும். அதனை விற்றுவிடலாமா என்று மகள் நம்மிடம் கேட்டார். நாம் சற்றும் தயங்கவில்லை. நமது தமையனாருக்கு இருதயத்தில் அடைப்பு ஏற்பட்டு, ஸ்டென்ட் வைத்து, எட்டாண்டுகளாக நலமாயிருக்கிறார். குழாயில் அடைப்பென்றால் திறப்பதுதானே முறை? இருதயத்துக்கு நல்லது மூளைக்குத் தீதாகுமா? “விற்றுவிடுங்கள் அம்மா, நிலம் நாளை வரும், தகப்பன் வரமாட்டார்” என்று சொன்னோம்.

அத்தோடு நின்றோமா? ஞாயிறு திருப்பலியில் மறையுரைக்குப் பின் உபதேசியாரின் நிலையை எடுத்துரைத்து, சிறப்புக் காணிக்கை கேட்டோம். பங்கு மக்கள் மனமுவந்து அளித்தனர். முதியோர் உதவித்தொகையில் வாழும் ஒரு பாட்டி, முந்தானை முடிச்சை அவிழ்த்து 200 ரூபாயைத் தட்டில் போட்டார். அன்று சேர்ந்தது 1,86,000 ரூபாய். தோப்பை வாங்க ஆளும் வந்துவிட்டார்.

முன்பணம் கைமாறுவதற்கு முதல் நாள், மறைமாவட்டத்தைச் சேர்ந்த மூத்த குரு ஒருவர் நம்மைக் கண்டு, “நீங்கள் இன்னொரு மருத்துவரையும் கேட்டீர்களா?” என்றார். கேட்கவில்லை. அவரே ஓய்வுபெற்ற நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் நம்மை அனுப்பினார். மகளும் நாமும் படங்களை எடுத்துக்கொண்டு சென்றோம்.

அம்முதியவர் படங்களை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு முதற்கேள்வியாக, “ஸ்டென்ட் வைத்தால் என்ன நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

“கை கால் திரும்பிடும்னு நெனைக்கோம் ஐயா” என்றார் மகள்.

அவர் தலையசைத்தார். “அது நடக்காது அம்மா. மூளையில் இறந்துபோன பகுதியை ஸ்டென்ட் உயிர்ப்பிக்காது. கையும் பேச்சும் எவ்வளவு திரும்பினாலும், அது பயிற்சியாலும் காலத்தாலும் திரும்புவது. ஸ்டென்ட் வைப்பது அடுத்த வாதம் வராமல் தடுப்பதற்காக. நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். அடுத்ததைத் தடுக்கப்போய், அந்தச் சிகிச்சையே ஒரு வாதத்தைக் கொண்டுவந்துவிடுமா?”

மகளின் முகம் மாறியதைக் கண்டோம். நமது முகமும் மாறியிருக்கவேண்டும். அக்குடும்பம் தோப்பை விற்கத் துணிந்தது கைக்காகவும் நாவுக்காகவும். அவ்விரண்டையும் தரமுடியாத ஒன்றுக்காகவே நாம் கோவிலில் காணிக்கைத் தட்டை ஏந்தியிருந்தோம்.

நமது தமையனாரின் இருதயத்தைப் பற்றிச் சொன்னோம். அவர் புன்னகைத்துவிட்டு, ஊர்ப்புறத்து உவமை ஒன்றால் விளக்கினார். “சாமி, பெரிய வாய்க்காலிலிருந்து பக்கத்து வயல்களுக்குச் சின்னச் சின்ன மடைகள் போகின்றன அல்லவா? வாய்க்காலில் படிந்த சேற்றை வாரி வெளியே கொட்டாமல் இரண்டு பக்கமும் ஒதுக்கி அழுத்தினால் என்ன ஆகும்? வாய்க்கால் அகலும், மடைகளின் வாய் அடைபடும். மூளைத் தமனியிலிருந்து மயிரிழை போன்ற கிளைகள் புறப்பட்டு மூளையின் ஆழத்துக்குப் போகின்றன. ஸ்டென்ட் கொழுப்புப் படிவை ஓரமாய் அழுத்தும்போது அந்தக் கிளைகளின் வாய் மூடிக்கொள்ளலாம். தவிரவும், மூளைக்குள் இருக்கும் தமனியின் சுவர் மெல்லியது. சுற்றிலும் தாங்கிப்பிடிக்கத் தசை இல்லை. கம்பி நுனி பட்டுக் கிழிந்தால் மண்டைக்குள் இரத்தம் பெருகும். திடீரென்று இரத்தம் பாய்வதாலும் கசிவு ஏற்படலாம்.”

‘ஏற்படலாம்’ என்பது வெறும் அச்சமா, அளந்தறியப்பட்டதா என்று கேட்டோம். அளந்திருக்கிறார்கள் என்று கூறி, அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டில் தொடங்கிய சாம்ப்ரிஸ் என்னும் ஆய்வைப் பற்றி விவரித்தார். மூளைக்குள் ஒரு பெரிய தமனி 70 முதல் 99 விழுக்காடு வரை குறுகி, முந்தைய 30 நாள்களுக்குள் வாதமோ, வந்து மறைந்த சிறு வாதமோ கண்டவர்களை இரு பிரிவாக்கினர். எவர் எப்பிரிவு என்பதைக் குலுக்கல் போன்ற முறையில் தீர்மானித்தனர். ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும். மறுபிரிவுக்கு அதே மருந்தோடு ஸ்டென்ட்டும். 764 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். ஆனால் 451 பேர் சேர்ந்த நிலையில், 2011ஆம் ஆண்டு ஏப்ரலில், மேற்கொண்டு எவரையும் சேர்க்கவேண்டாம் என்று நிறுத்திவிட்டனர். ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 224 பேரில் 33 பேர் 30 நாள்களுக்குள் மீண்டும் வாதம் கண்டனர் அல்லது இறந்தனர். அதாவது நூற்றுக்கு 14.7. மருந்து மட்டும் உண்ட 227 பேரில் அவ்வாறானோர் 13 பேர், நூற்றுக்கு 5.8. ஆண்டுகள் செல்லச் செல்ல ஸ்டென்ட் தன் பயனைக் காட்டும் என்று எதிர்பார்த்தவர்களும் இருந்தனர். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த இறுதி முடிவும் மருந்துப் பிரிவுக்கே சாதகமாய் இருந்தது. அங்கு தீங்குற்றோர் 34 பேர். ஸ்டென்ட் பிரிவில் 52 பேர்.

“கைதேர்ந்தவர்கள் செய்தால்?” என்று விடாமல் கேட்டோம். அதனையும் பார்த்திருக்கிறார்கள் என்றார். சீனாவில், அனுபவம் மிக்க மருத்துவர்களைக் கொண்டு, வாதம் கண்டு மூன்று வாரம் கழிந்த நோயாளிகளையே தேர்ந்து நடத்திய ஆய்வு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. 358 பேரின் முடிவுகளைக் கணக்கிட்டதில், ஓராண்டு அளவில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்டென்ட் பிரிவில் நூற்றுக்கு 8.0, மருந்துப் பிரிவில் 7.2. தேர்ந்த கைகளில் தீங்கு குறைந்தது. ஆனால் நன்மை மேலோங்கவில்லை.

பெரியவர் ஒருபக்கச் சார்பாய்ப் பேசினார் என வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். மருந்தை ஒழுங்காக உட்கொண்டும் அதே தமனியால் மீண்டும் மீண்டும் வாதம் காண்போர் உண்டென்றும், அவர்களுள் கவனமாய்த் தேர்ந்தெடுத்த சிலருக்கு ஸ்டென்ட் வைப்பதை மருத்துவம் கைவிட்டுவிடவில்லை என்றும் அவரே சொன்னார். அத்தகைய 152 பேரைப் பற்றி அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையில், சிகிச்சையை ஒட்டி ஏற்பட்ட வாதமும் மரணமும் நூற்றுக்கு 2.6 மட்டுமே. மருந்து மட்டும் உண்ட ஒரு பிரிவு அதில் ஒப்பிடப்படவில்லை என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். “கதவு மூடவில்லை. ஆனால் எல்லாருக்கும் திறந்துமில்லை” என்றார்.

பின்னர் அவர் கேட்ட கேள்விதான் அனைத்தையும் தீர்த்துவைத்தது.

“வாதம் வந்தபோது இவர் என்னென்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்?”

மகள் தலைகுனிந்தார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். எட்டு மாதங்களாக உபதேசியார் அதனை உண்ணவில்லை. ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நிறுத்திவிட்டாராம். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஒருபோதும் உண்டதில்லை. சர்க்கரையைச் சோதித்து ஈராண்டுகள். நாள்தோறும் வெற்றிலையோடு புகையிலை.

“அப்படியானால் மருந்து இவரிடம் தோற்கவில்லை” என்றார் மருத்துவர். “மருந்துக்கு இவர் இன்னும் வாய்ப்பே கொடுக்கவில்லை. தோற்காத மருந்தைத் தள்ளிவிட்டு மண்டைக்குள் கம்பியை விடுவானேன்?”

அவர் வகுத்தளித்த வழி ஆடம்பரமற்றது. ஆஸ்பிரினும் க்ளோபிடோகிரெல்லும் 90 நாள்கள் சேர்த்து; அதன்பின் ஒன்று மட்டும், அதுவும் மருத்துவர் சொன்ன பிறகே மாற்றவேண்டும். கொழுப்பைக் குறைக்க ஸ்டேடின் மாத்திரை, ஆயுள் முழுதும். இரத்த அழுத்தத்தின் மேல் எண் 140ஐத் தாண்டாதிருக்கவேண்டும். சர்க்கரைச் சோதனை. புகையிலை அறவே கூடாது. நடை. கைக்கும் நாவுக்கும் நாள்தோறும் பயிற்சி. சாம்ப்ரிஸ் ஆய்வில் வென்ற ‘மருந்து’ என்பதும் ஏறத்தாழ இதுவே. இதனை அங்கே ஏனோதானோ என்று விட்டுவிடாமல், நோயாளியைத் தொடர்ந்து அழைத்து, அளந்து, வற்புறுத்திச் செய்தார்கள். “மருந்தே உண்டாலும் ஆபத்து அறவே நீங்கிவிடாது, குறையும். அதையும் சொல்லிவிடுகிறேன்” என்று முடித்தார்.

பேருந்து நிலையத்தில் மகள் அழுதார். “சாமி, ஸ்டென்ட் வைக்கலேன்னா ஊர் என்ன சொல்லும்? தோப்பைக் காப்பாத்த அப்பாவை விட்டுட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா? நாளைக்கு அவருக்கு மறுபடி வந்துட்டா, அது என் பாவந்தானே?”

இக்கேள்வி மருத்துவருக்குரியதன்று, நமக்குரியது. இதற்கு விடை குருமடத்திலேயே நமக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. ஆயினும், தேவைப்பட்ட வேளையில் அதனை நாமே மறந்திருந்தோம். 1957ஆம் ஆண்டு நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்கமருந்து மருத்துவர்களிடம் பேசியபோது, உயிரைக் காக்கச் சாதாரண வழிவகைகளைக் கையாளும் கடமை மனிதருக்கு உண்டென்றும், தமக்கோ பிறர்க்கோ பெருஞ்சுமையாகும் வழிகளுக்கு எவரும் கட்டுப்பட்டவரல்லர் என்றும் தெளிவாக்கினார். 1980ஆம் ஆண்டில் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, சிகிச்சையின் தன்மை, அதன் ஆபத்து, செலவு ஆகியவற்றை எதிர்பார்க்கும் பயனோடும் நோயாளியின் நிலையோடும் ஒப்பிட்டுத் தீர்மானிக்கலாம் என்று கூறுகிறது. செலவைக் கருதுவதே குற்றம் என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை. இங்கோ செலவுக்கு முன்பாகவே, தீங்கு நன்மையை மிஞ்சி நிற்கிறது. தீங்கு மிகுந்ததை விலக்குவது எவ்வாறு தந்தையைக் கைவிடுவதாகும்?

“அம்மா, மாத்திரையை நாள் தவறாமல் கொடுக்காவிட்டால்தான் கைவிட்டதாகும். ஸ்டென்ட் வைக்காததால் அன்று” என்று சொன்னோம். பிறகு, சொல்லாமல் விட முடியாததால் இன்னொன்றையும் சொன்னோம்: “தோப்பை விற்கச் சொன்னது என் அவசரம். அதை மறந்துவிடுங்கள்.”

மறுநாள் அம்முதிய மருத்துவரே மருத்துவமனைக்கு வந்து உபதேசியாரைப் பார்த்தார். அதுவரை நம்மில் எவரும் செய்யாத ஒன்றை அவர் செய்தார், நோயாளியிடமே கேட்டார். இரு வழிகளையும் மெதுவாக, மும்முறை விளக்கிவிட்டு, “உங்களுக்கு எது வேண்டும்?” என்றார். ஒரு வாரமாய் அவருடைய தலைக்குள்ளிருந்த தமனியைப் பற்றி மகனும் மகளும் நாமும் பேசியிருந்தோம், அவரோடு பேசவில்லை. உபதேசியார் இடக்கையை உயர்த்தி, வேண்டாம் என்பதுபோல் அசைத்தார். பின் மிகுந்த முயற்சியோடு, “மாத்திரை… சாப்பிடுறேன்” என்றார். முதலில் ஸ்டென்ட்டைப் பற்றிக் கூறிய மருத்துவரும் இம்முடிவுக்கு மறுப்புச் சொல்லவில்லை. மருந்தோடு தொடரலாம், மீண்டும் வந்தால் அப்போது ஆலோசிக்கலாம் என்றார்.

நமக்கு எஞ்சியது அடுத்த ஞாயிறு. வாசிப்பு மேடையில் நின்று பங்கு மக்களிடம், சென்ற வாரம் நாம் அவசரப்பட்டோம். கேட்டறியாமல் காணிக்கை கேட்டோம். ஸ்டென்ட் வைக்கப்போவதில்லை என்று அறிவித்தோம். முணுமுணுப்பு எழுந்தது. “ஸ்டென்ட் இல்லேன்னா காசு எதுக்கு?” என்று ஒருவர் உரக்கவே கேட்டார். கேட்கத்தக்க கேள்விதான். கொடுத்தவர் விரும்பினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றோம். நால்வர் பெற்றுக்கொண்டனர், அவர்கள்மேல் நமக்கு வருத்தமில்லை. மீதியை வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் ஒப்படைத்து, உபதேசியாரின் மாத்திரைக்கும், வாரம் இருமுறை வரும் இயன்முறை மருத்துவருக்கும், பங்குக்கென ஓர் இரத்த அழுத்தக் கருவிக்கும் ஒதுக்கினோம். 200 ரூபாய் கொடுத்த பாட்டி, கருவி வந்த அன்றே முதலாவதாகக் கையை நீட்டினார். மேல் எண் 190 காட்டியது. அவரும் இப்போது மாத்திரை உண்கிறார்.

இதற்குச் சில மாதங்கள் கழித்து நமக்கு இன்னொரு பாடம் கிடைத்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வயது 74, ஒரு காலை வேளையில் 20 நிமிடம் பேச்சிழந்து பின்பு மீண்டார். இம்முறை கஞ்சி குடிக்கச் சொல்லவில்லை. அக்கணமே வண்டி ஏற்றினோம். அவருக்கும் தமனி குறுகியிருந்தது. ஆனால் மண்டைக்குள் அன்று, கழுத்தில். உபதேசியாரின் கதையால் துணிவு பெற்ற அவர் வீட்டார், “மாத்திரை போதும்” என்றனர். நாம்தாம் தடுத்தோம், அதே நரம்பியல் மருத்துவரிடம் கேட்கச் செய்தோம்.

அவர் அறுவைச் சிகிச்சை வேண்டுமென்றார். அதுவும் இரண்டு வாரத்துக்குள். கழுத்துத் தமனி 70 விழுக்காட்டுக்கு மேல் குறுகி, அதனால் வாதமும் கண்டவர்களுக்கு, அடைப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை பெரும் பயன் தரும் என்பதை 1991ஆம் ஆண்டில் வட அமெரிக்க ஆய்வு ஒன்று மெய்ப்பித்தது. அதில் மருந்துப் பிரிவில் ஈராண்டுக்குள் அதே பக்கத்தில் வாதம் கண்டோர் நூற்றுக்கு 26. அறுவைப் பிரிவில் 9. “கழுத்தில் ஸ்டென்ட் வைக்கலாமே?” என்றார் ஆசிரியரின் மகன். வைக்கலாம், ஆனால் 2010ஆம் ஆண்டில் வெளியான, 2,502 பேர் பங்கேற்ற ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய வாதம் ஸ்டென்ட் பிரிவில் 4.1 விழுக்காடு, அறுவைப் பிரிவில் 2.3. மாரடைப்போ அறுவைப் பிரிவில் அதிகம், 2.3க்கு 1.1. ஏறத்தாழ 70 வயதுக்கு மேற்பட்டோருக்கு அறுவையே ஏற்றதாய்த் தோன்றியது. இருதயம் வலுவற்றவர்க்கும், முன்பே கழுத்தில் அறுவையோ கதிர்வீச்சோ கண்டவர்க்கும் ஸ்டென்ட் பொருந்தலாம். ஆசிரியருக்கு இருதயம் நன்றாயிருந்தது, அறுவை நடந்தது, நலமாய் வீடு திரும்பினார்.

கழுத்துக்கும் மண்டைக்கும் ஒரு சாண் இடைவெளிதான். ஆனால் அந்த ஒரு சாணில் முடிவு தலைகீழாகிறது. இதனை எண்ணும்போது அம்மருத்துவர் சொன்ன ஒருவரைப் பற்றிய செய்தி நினைவுக்கு வருகிறது. கனடா நாட்டு நரம்பியல் மருத்துவர் ஹென்றி பார்னெட், மண்டைக்கு வெளியேயுள்ள தமனியை உள்ளேயுள்ள தமனியோடு இணைக்கும் அறுவையை 1,377 நோயாளிகளிடையே ஆராய்ந்தார். கேட்பவர்க்கு மிகவும் பொருத்தமாய்த் தோன்றிய அந்த அறுவை, வாதத்தைத் தடுக்கவில்லை என்பதை 1985ஆம் ஆண்டில் வெளியிட்டார். கழுத்துத் தமனி அறுவை பயன் தரும் என்று 1991ஆம் ஆண்டில் காட்டிய ஆய்வுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. கத்தியின்மேல் அவருக்குப் பகையுமில்லை, காதலுமில்லை. எண்ணிப் பார்த்தார், அவ்வளவே.

இன்னுமொரு குழப்பத்தையும் நீக்கிவிட விரும்புகின்றோம். “சென்னையில் என் உறவினருக்குத் தொடை வழியாக் கம்பி விட்டாங்க, அன்றைக்கே பேசினாரே” என்று கேட்போர் உண்டு. அது வேறு சிகிச்சை. பெரிய தமனி ஒன்று இரத்தக் கட்டியால் திடீரென முற்றும் அடைபட்டால், வலைபோன்ற ஒரு ஸ்டென்ட்டைச் செலுத்திக் கட்டியைப் பற்றி இழுத்து, வலையையும் வெளியே எடுத்துவிடுகிறார்கள். அது உள்ளே தங்குவதில்லை. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த பல ஆய்வுகள் அதன் பயனை ஐயமற நிலைநாட்டின. முதல் 6 மணி நேரத்துக்குள் செய்வது சிறப்பு. ஸ்கேன் பார்த்துத் தேர்ந்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்கிறார்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் பொன். நாள்கள் கழித்து, குறுகிய தமனியில் நிலையாய் ஸ்டென்ட் வைப்பதோ, நின்று நிதானித்துக் கேட்டறிய நேரமுள்ள காரியம். இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால், நிதானிக்க வேண்டிய இடத்தில் ஓடுகிறோம். ஓடவேண்டிய இடத்தில் கஞ்சி குடித்துப் படுக்கச் சொல்கிறோம்.

ஆகவே, அன்பார்ந்த குடும்பத்தாரே, இவ்வினா உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் மருத்துவரிடம் பணிவோடு இவற்றைக் கேளுங்கள். குறுகிய தமனி கழுத்திலா, மண்டைக்குள்ளா? இந்த வாதத்துக்கு அந்தக் குறுக்கமே காரணமா? வாதம் வந்த நாளில் நோயாளி மருந்துகளை ஒழுங்காய் உண்டுவந்தாரா, அல்லது மருந்து இனிமேல்தான் தொடங்குகிறதா? இச்சிகிச்சையை இங்கே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள். அவர்களுள் எத்தனை பேர் தீங்குற்றனர்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்குச் சினங்கொள்வதில்லை. இறுதியாக, நோயாளிக்குப் புரியும் நிலை இருந்தால், அவரையே கேளுங்கள்.

உபதேசியாருக்கு இதுவரை இரண்டாம் வாதம் வரவில்லை. ஒருவர் நலமாயிருப்பது எதையும் மெய்ப்பிக்காது என்று அந்த மருத்துவரே எச்சரித்திருக்கிறார். நாமும் அதனை வெற்றியென்று பறைசாற்றவில்லை. வலக்கை இன்னும் முழுமையாய்த் திரும்பவில்லை. அதிகாலை மணியை இடக்கையால் அடிக்கிறார்; முன்னைவிடச் சற்றுத் தாமதமாய் ஒலிக்கிறது. 2025ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அவரே ஒன்பதாம் தலத்தின் செபத்தைச் சொல்ல விரும்பினார். ஒவ்வொரு சொல்லாய்ச் சொல்லி முடிக்க நெடுநேரமாயிற்று. கோவிலில் ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும் தமது இடத்துக்குத் திரும்பியவர், சட்டைப்பையிலிருந்து இரவு மாத்திரையை எடுத்து, மகளிடம் ஒருமுறை காட்டிவிட்டு, மீண்டும் பையில் வைத்துக்கொண்டார்.